ஏழாம் தேதி சம்பளமும் மூன்றாம் வருஷச் சம்பளமும்

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அரூர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் சின்னச் சின்ன நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து. "பெண்கள் தேவை. தங்குமிடம், சாப்பாடு, பஸ் வசதி உண்டு. மூன்று வருட முடிவில் மொத்தத் தொகை வழங்கப்படும்." மேலே திட்டத்தின் பெயர் இருக்கும். சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்று ஆலைக்கு ஆலை வேறு வேறு பெயர். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்த அந்த நோட்டீஸ் உண்மையில் ஒரு வேலை ஒப்பந்தம் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

உலக அளவில் இன்று "நவீன அடிமைமுறை", "விநியோகச் சங்கிலி" என்று பெரிய பேச்சு நடக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2021-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகத்தில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருக்கிறார்கள். இந்த மாதிரி எண்களைப் படித்தால் எனக்கு மண்டையில் ஏறுவதில்லை. அதனால் இதை எங்கள் பக்கத்து நூற்பாலைக் கதையிலிருந்து புரிந்துகொள்ளப் பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

கதவு திறந்துதான் இருந்தது

எங்கள் தெருவில் ஒரு அக்கா. பத்தாவதில் கணக்கில் ஃபெயில். அந்தக் கோடையிலேயே திருப்பூர் தாண்டி ஒரு நூற்பாலைக்குப் போனார். கூட்டிப்போனது வெளியாள் இல்லை, அவருடைய சித்தப்பா முறை. மூன்று வருஷம் முடித்தால் 35,000 ரூபாய் என்று பேச்சு. 31-ஆவது மாதத்தில் டைபாய்டு வந்து ஊருக்கு வந்தவர் திரும்பப் போகவில்லை. மொத்தத் தொகை? "பாதியில விட்டுட்டுப் போனா கிடையாது" என்று சொல்லிவிட்டார்களாம். கையில் வந்தது அந்த மாதச் சம்பளப் பாக்கி மட்டும்.

போன வருஷம் இதைப் பற்றி அவரிடம் கேட்டேன். "அடிமையா வச்சிருந்தாங்களாக்கா?" என்று நான் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் ஒன்னும் அடிமையா இருக்கல தம்பி. வேலைக்குப் போனேன். யாரும் கட்டி வெக்கல. கேட்டத் தாண்டி ஓடணும்னா ஓடியிருக்கலாம். ஆனா ஓடுனா காசு போயிடும் இல்ல? அதான் இருந்தேன்."

இந்தப் பதிலைப் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். சங்கிலி, சவுக்கு, பூட்டிய அறை என்றெல்லாம் அடிமைமுறைக்கு நம்மிடம் ஒரு படம் இருக்கிறது. அக்கா சொன்னதில் அது எதுவுமே இல்லை. ஆனால் பூட்டு இருந்தது, கதவில் இல்லை, சம்பளத்தில்.

ஒரு சின்னக் கணக்கு

மொத்தத் தொகை என்பது ஆலை தரும் பரிசு மாதிரி தெரியும். அது உண்மையில் என்னவென்று பார்க்க ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எண்கள் என் கற்பனை, கணக்கு முறை மட்டும் நிஜம்.

சட்டப்படி ஒரு நாளைக்குத் தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி 170 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெண்ணைப் 'பயிற்சியாளர்' என்று எழுதிக்கொண்டு 100 ரூபாய் தருகிறார்கள். தினமும் 70 ரூபாய் குறைகிறது. மாதம் 26 நாள் என்றால் 1,820 ரூபாய். 36 மாதத்துக்கு 65,520 ரூபாய். முடிவில் 'அன்பளிப்பாக' 50,000 ரூபாய் தருகிறார்கள். அதாவது அவளுடைய பணத்தையே, வட்டியில்லாமல் மூன்று வருஷம் வைத்திருந்து, 15,520 ரூபாயை எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறார்கள். தாம்பூலத் தட்டில் வைத்துக்கூட தரலாம். பணம் அவளுடையதுதான்.

இதைவிட மோசமான ஒன்று இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. 30-ஆவது மாதத்தில் அவள் வெளியேறினால் ஆலையிடம் நிற்பது 54,600 ரூபாய். முதல் மாதத்தில் போனால் வெறும் 1,820. அதாவது அவள் எவ்வளவு நாள் தாங்குகிறாளோ அவ்வளவு தூரம் அவளை வெளியேற்றுவதில் லாபம் கூடுகிறது. கடைசி ஆறு மாதத்தில் ஷிப்ட் கூடுவதும், சின்னத் தப்புக்குப் பெரிய பேச்சு வாங்குவதும், உடம்புக்கு முடியாதபோது லீவு கிடைக்காமல் போவதும் ஒரு சூப்பர்வைசரின் கெட்ட குணத்தால் மட்டும் நடப்பதில்லை. கணக்கே அந்தப் பக்கம் தள்ளுகிறது.

அவள் பக்கம் இருந்து பார்த்தால் இது நேர் தலைகீழ். ஒவ்வொரு மாதமும் விட்டுப் போவதன் விலை ஏறுகிறது. அதனால் ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. நைட் ஷிப்டில் ஒருத்தன் தொந்தரவு கொடுத்தால் புகார் சொல்ல முடியாது. ரிங் ஃபிரேம் ஓரத்தில் பஞ்சுத் தூசியில் இருமல் வந்தாலும் சொல்ல முடியாது. ஒரே ஒரு பூட்டு, மற்ற எல்லாவற்றையும் பூட்டிவிடுகிறது.

நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ என்ற ஆய்வு அமைப்பும் அந்நாட்டின் இந்தியக் கமிட்டியும் சேர்ந்து 2011-இல் 'கேப்சர்ட் பை காட்டன்' என்ற அறிக்கையை வெளியிட்டன. சுமங்கலித் திட்டம் வெளிநாட்டுத் துணிக்கடைகளின் காதுக்குப் போனது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். 2014-இல் அவர்களே இன்னொரு அறிக்கையில் மறுபடி ஆலைகளைப் பார்த்தார்கள். பெயர் மாறியிருந்தது, பல இடங்களில் நடைமுறை மாறவில்லை. விடுதியை விட்டு நினைத்தபோது வெளியே போக முடியாதது, போன் வைத்துக்கொள்ள விடாதது, கட்டாய ஓவர்டைம் எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. ஊரில் இதற்கு 'கேம்ப் கூலி' என்று ஒரு பெயரும் உண்டு.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது

இதைப் படிக்க ஆரம்பித்தபோது, சட்டத்தில் ஏதோ ஓட்டை இருக்கும், அதன் வழியாகத்தான் இது நடக்கிறது என்று நினைத்தேன். நான் நினைத்தது தப்பு.

1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதிலேயே ஊதியக் காலம் ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஆலையில் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் சம்பளம் தர வேண்டியிருந்தது. 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியத் தொகுப்புச் சட்டமும் ஒரு மாத வரம்பைத் தாண்ட விடவில்லை. கூலியில் மூன்று வருஷத்துக்குப் பிடித்துவைக்கும் எந்தத் திட்டமும், அதற்கு எவ்வளவு மங்களகரமான பெயர் வைத்தாலும், இந்த ஒரு வரியிலேயே அடிபட்டுப் போகிறது.

அடுத்தது 1976-ஆம் ஆண்டு கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம். கொத்தடிமை என்றால் தாத்தா வாங்கிய கடனுக்குப் பேரன் உழைப்பது என்றுதான் நமக்குத் தோன்றும். சட்டத்தின் வரையறை அதைவிட அகலம். முன்பணமோ வேறு பொருளாதார ஆதாயமோ காரணமாக ஒருவர் குறைந்தபட்சக் கூலியை விடக் குறைவாக உழைப்பதும், குறிப்பிட்ட காலத்துக்கு வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழப்பதும், நினைத்த இடத்துக்குப் போகும் சுதந்திரத்தை இழப்பதும் அதற்குள் வரும். இதில் 15-ஆவது பிரிவு எனக்கு ரொம்பப் பிடித்தது. தான் கொத்தடிமை என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர். ஏழையிடம் ரசீது கேட்காத சட்டம் அது.

மூன்றாவது, 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்குக் கட்டடம் கட்டிய தொழிலாளர்கள் வழக்கு. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பகவதி அமர்வு, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்புதான் என்று தீர்ப்பளித்தது. அடி உதை இருந்தால்தான் கட்டாயம் என்றில்லை. வேறு வழியில்லாத பசியும் கட்டாயம்தான்.

"அவளே சம்மதிச்சுத்தானே போனா?" என்ற கேள்வி அடிக்கடி வரும். ஆள்கடத்தல் குற்றத்தை 2013-இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-ஆவது பிரிவில் திருத்தி எழுதினார்கள். 2024 ஜூலையிலிருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவு. ஏமாற்றியோ ஆசை காட்டியோ சுரண்டலுக்கு ஆள் சேர்த்தால், பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டே இல்லை என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. எங்கள் தெரு அக்கா தன்னை அடிமை என்று சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. அவருடைய மானம் அவருக்கு. சட்டம் கேட்பது ஆலை என்ன செய்தது என்பதை மட்டும்தான்.

ஏன் தருமபுரி?

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி. மாநிலச் சராசரி 80 சதவீதம், தருமபுரி 68.5. பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. ராகி, சாமை, மரவள்ளி, பாலக்கோடு பக்கம் தக்காளி. மழை தவறினால் குடும்பத்தோடு பெங்களூருக்கோ கேரளாவுக்கோ கிளம்ப வேண்டியதுதான். அரூர், பென்னாகரம் பக்கத்து மலைக் கிராமங்களில் மேல்நிலைப் பள்ளிக்கே பஸ் ஏறிப் போக வேண்டும்.

அதோடு பெண் குழந்தை என்றாலே செலவு என்ற எண்ணம். பெண் சிசுக்கொலைக்காக இந்த மாவட்டத்தின் பெயர் நாடு முழுக்க அடிபட்டது பலருக்கும் நினைவிருக்கும். பத்தாவதில் ஃபெயிலான பதினாறு வயதுப் பெண் வீட்டில் இருக்கிறாள். ஒன்று கல்யாணம் செய்ய வேண்டும், அதற்குப் பணமில்லை. இல்லையென்றால் எங்காவது பத்திரமாக அனுப்ப வேண்டும். நோட்டீஸ் இந்த இரண்டு கவலைக்கும் ஒரே பதில் சொன்னது. விடுதி இருக்கு, வார்டன் இருக்காங்க, கல்யாணத்துக்குக் காசு சேருது. சுமங்கலி என்ற பெயர் தற்செயலாக வைத்ததில்லை.

ஆலைக்காரர்கள் சொல்லும் நியாயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். விடுதி இல்லாவிட்டால் பெற்றோர் பெண்ணை அனுப்பவே மாட்டார்கள், களை எடுக்கும் கூலியைவிட இது மேல், எல்லா ஆலையும் ஒரே மாதிரி இல்லை என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. அக்காவே அங்கே கிடைத்த சிநேகிதிகளைப் பற்றிச் சிரித்துக்கொண்டுதான் பேசினார். பெண்கள் நூற்பாலைக்கு வேலைக்குப் போவதோ விடுதியில் தங்குவதோ இங்கே பிரச்சனை இல்லை. கூலியைப் பிடித்து வைப்பதும் வெளியே போக விடாததும்தான் பிரச்சனை. அந்த இரண்டும் இல்லாமலே விடுதி நடத்தலாம்.

நூலுக்கு முகவரி கிடையாது

இனி சங்கிலிக்கு வருவோம். லண்டனிலோ பெர்லினிலோ ஒரு கடையில் தொங்கும் பனியனைப் பின்னால் தள்ளிக்கொண்டே போனால்: கடை, பிராண்டு, அதன் வாங்கும் அலுவலகம், திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம், தையல், சாயப்பட்டறை, நிட்டிங், நூற்பாலை, ஜின்னிங், பருத்திக் காடு. அக்கா வேலை செய்தது கடையிலிருந்து எண்ணினால் எட்டாவது இடத்தில்.

பிராண்டின் ஆடிட்டர் வருவது பெரும்பாலும் தையல் யூனிட்டுக்கு. அங்கே தீயணைப்புக் கருவி, கழிப்பறை, சம்பளப் பதிவேடு, வயதுச் சான்று எல்லாம் பார்ப்பார். ஆனால் துணியான நூல் எங்கிருந்து வந்தது? ஒரு நிட்டிங் கம்பெனி ஒரே வாரத்தில் நாலு ஆலை நூலை ஏற்றும். விலை பார்த்து அடுத்த வாரம் வேறு ஆலை. கோனில் ஒட்டியிருக்கும் லேபிள் மெஷினில் ஏறியதும் குப்பைக்குப் போய்விடும். பிறகு அந்த நூலுக்கு முகவரி கிடையாது.

தையல் யூனிட்டிலேயே ஆடிட் எவ்வளவு நம்பகமானது என்பது வேறு கதை. 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்து 250-க்கு மேல் செத்தார்கள். சில வாரங்களுக்கு முன்னால்தான் அது எஸ்ஏ 8000 என்ற சர்வதேசச் சான்றிதழ் வாங்கியிருந்தது. முன்கூட்டியே தேதி சொல்லி வரும் ஆடிட்டரிடம், சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருக்க, பதினெட்டு வயதுப் பெண் என்ன சொல்வாள்? அதுவும் இரண்டு வருஷக் காசு ஆலையிடம் இருக்கும்போது?

வெளிநாட்டுச் சட்டங்கள் எது வரை வருகின்றன?

பிரிட்டனின் நவீன அடிமைமுறைச் சட்டம் 2015-இல் வந்தது. வருஷத்துக்கு 3.6 கோடி பவுண்டுக்கு மேல் வியாபாரம் செய்யும் நிறுவனம், தன் சங்கிலியில் அடிமைமுறை இல்லாமலிருக்க என்ன செய்தோம் என்று அறிக்கை வெளியிட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், "நாங்கள் எதுவும் செய்யவில்லை" என்று அறிக்கை விட்டாலும் சட்டப்படி போதும். ஆஸ்திரேலியா 2018-இல் இதே வழியில் போனது.

ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் அமலுக்கு வந்தது. இது அறிக்கையோடு நிற்கவில்லை, ஆபத்தைத் தேடிப் பார்த்துச் சரிசெய்யவும் சொல்கிறது. ஆனால் முழுக் கடமை நேரடி சப்ளையர் வரைக்கும்தான். அதற்குப் பின்னால் இருப்பவர்களிடம் தப்பு நடப்பதாகத் திட்டமான தகவல் வந்தால் மட்டுமே பார்க்க வேண்டும். நம் நூற்பாலை அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

அமெரிக்கா வேறு வழி. கட்டாய உழைப்பில் செய்த பொருள் நாட்டுக்குள் வரக் கூடாது என்று 1930 சுங்கச் சட்டத்தின் 307-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. 2022 ஜூனில் சீனாவின் ஷின்ஜியாங் பகுதிப் பொருட்களுக்கு இன்னொரு படி மேலே போனார்கள். அங்கிருந்து வந்தாலே கட்டாய உழைப்புதான் என்று வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் இறக்குமதி செய்கிறவர் நிரூபிக்கட்டும் என்றார்கள். நம் 1976 சட்டத்தின் 15-ஆவது பிரிவு போட்ட அதே பாதை. உடனே என்ன ஆனது? நூல் எங்கே நூற்றது, பருத்தி எங்கே விளைந்தது என்று காட்டும் காகிதங்களைப் பெரிய பிராண்டுகள் தேட ஆரம்பித்தன. பருத்தி இழையைச் சோதித்து விளைந்த இடத்தைச் சொல்லும் ஆய்வகங்களுக்கும் வேலை கூடியது. அவ்வளவு தூரம் பார்க்கவே முடியாது என்பதெல்லாம் கட்டாயம் வரும் வரைக்கும்தான்.

நம் நாட்டில் செபி, 2022-23 முதல் பெரிய 1,000 லிஸ்டட் நிறுவனங்கள் ஒரு பொறுப்பறிக்கை தர வேண்டும் என்று வைத்திருக்கிறது. கட்டாய உழைப்பு, குழந்தை உழைப்புப் புகார்களின் எண்ணிக்கை அதில் வரும். பங்குச்சந்தைப் பக்கமே போகாத குடும்ப ஆலைகளுக்கு அது பொருந்தாது.

திண்டுக்கல்லில் செய்து பார்த்தது

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். அந்தத் தொழிற்சாலை ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல். அதற்கு முன்பிருந்தே அங்கே பாலியல் தொந்தரவு நடந்துவந்ததாகப் பெண்கள் வெளியே சொன்னார்கள். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஒரு வருஷத்துக்கு மேல் போராடியது. 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. ஒரு பக்கம் சங்கமும் அதன் கூட்டமைப்புகளும், இன்னொரு பக்கம் ஈஸ்ட்மேன் நிறுவனமும் எச் அண்ட் எம் பிராண்டும். பிறகு கேப், பிவிஎச் இரண்டும் சேர்ந்தன. 5,000-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இதற்குள் வருகிறார்கள். நூற்பாலையும் உண்டு.

இதில் மூன்று விஷயம் புதுசு. ஒன்று, இது நல்லெண்ண அறிக்கை இல்லை, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். நிறுவனம் மீறினால் ஆர்டரில் கைவைக்க வேண்டிய கடமை பிராண்டுக்கு உண்டு. இரண்டு, கண்காணிப்பவர் வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஆடிட்டர் இல்லை, பக்கத்து மெஷினில் வேலை செய்யும் பெண். தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. மூன்று, புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பது எழுத்தில் இருக்கிறது.

2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை நாச்சி தொழிற்சாலைத் துணிகளை எல்லையில் நிறுத்தியது. ஒப்பந்தத்தால் நடந்த மாற்றங்களைக் காட்டியதும் செப்டம்பரில் அந்தத் தடை விலகியது. பிராண்டுகள் வழக்கமாகச் செய்வது வேறு: பிரச்சனை என்று தெரிந்ததும் ஆர்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வது. அப்போது முதலில் வேலை போவது புகார் சொன்ன பெண்ணுக்குத்தான். 2011-இல் ஐநா ஏற்றுக்கொண்ட வணிகம், மனித உரிமை பற்றிய வழிகாட்டு நெறிகளும் நிறுவனங்களிடம் கேட்பது, தன் வாங்கும் பலத்தை வைத்து முதலில் சரிசெய்யப் பார் என்பதைத்தான்.

தடுப்பது எங்கே ஆரம்பிக்கிறது?

தருமபுரியிலிருந்து போகும் பெண்கள் குறைந்த ஆலை விடுதிகளில் இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் வந்து தங்குகிறார்கள். அவர்களுக்கு மொழியும் தெரியாது, ஊரும் பக்கத்தில் இல்லை. அக்கா டைபாய்டோடு ஒரு ராத்திரியில் வீடு வந்து சேர்ந்தார். மயூர்பஞ்சிலிருந்து வந்த பெண் எப்படிப் போவாள்? பூட்டு அப்படியே இருந்தால் ஆள் மட்டும் மாறும்.

ஆகவே ஆலைப் பக்கம் நாலு விஷயத்தைப் பார்த்தால் பெரும்பகுதி தெரிந்துவிடும். சம்பளம் மாதாமாதம் அவள் பெயரில் இருக்கும் கணக்குக்கு வருகிறதா, ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது? ஆதாரும் சான்றிதழும் அவளிடமே இருக்கிறதா? வேலை முடிந்ததும் வார்டன் துணையில்லாமல் வெளியே போக முடியுமா, போன் வைத்துக்கொள்ளலாமா? 2014-இல் வந்த தமிழ்நாடு மகளிர், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி விடுதி பதிவாகியிருக்கிறதா? பிராண்டின் ஆடிட்டர் நூற்றைம்பது கேள்வியோடு வரத் தேவையில்லை. இந்த நாலையும், கேட்டுக்கு வெளியே, அவள் மொழியில் கேட்டால் போதும்.

ஊர்ப் பக்கம் செய்ய வேண்டியதும் உண்டு. 1976 சட்டப்படி மாவட்டத்திலும் ஒவ்வொரு கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். இங்கே தருமபுரி, அரூர் என்று இரண்டு கோட்டம். மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் தருவது கோட்டாட்சியர். அது கையில் இருந்தால்தான் மறுவாழ்வு உதவி முழுசாக நகரும். 2016-ஆம் ஆண்டு மத்தியத் திட்டப்படி ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம். ஆனால் குழுக்கள் செங்கல் சூளையையும் கல் குவாரியையும் தேடுகிற அளவுக்கு, ஏசி போட்ட நூற்பாலையைக் கொத்தடிமை இடமாக நினைத்துப் பார்ப்பதில்லை.

இதையெல்லாம் படிக்கும்போது கண்ணில் பட்ட இன்னொன்று, நூற்பாலைக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் தெரியும். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் அரசு ரொம்ப வருஷம் ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணமும், பின்னாளில் தாலிக்குத் தங்கமும் தந்தது. 2022 செப்டம்பரில் அதைப் புதுமைப் பெண் திட்டமாக மாற்றினார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்கோ ஐடிஐக்கோ போனால் மாதம் 1,000 ரூபாய், அவளுடைய கணக்கில். கல்யாணத்தன்று மொத்தமாக என்பது போய், மாதாமாதம் அவள் கைக்கு என்று ஆனது. எந்த ஆலைச் சோதனையும் இல்லாமலே, நோட்டீஸ் ஒட்டுகிறவரின் வேலையை இது கொஞ்சம் கடினமாக்கியிருக்கும் என்று நினைக்கிறேன். பதினாறு வயதில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் குறைந்தால் அவர் யாரைக் கூட்டிப்போவார்?

உங்கள் ஊரில் யாராவது மில் வேலைக்குக் கிளம்பினால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எவ்வளவு தருவாங்க?" என்பதில்லை. "எப்போ தருவாங்க, பாதியில வந்தா என்ன ஆகும்?" என்பதுதான். மாதம் ஏழாம் தேதி என்று பதில் வந்தால் மீதியைப் பேசலாம். மூன்று வருஷம் கழித்து என்றால் நோட்டீஸைக் கிழித்துவிடலாம். பதினெட்டுக்குக் கீழே என்றால் 1098, பெண்களுக்கு 181, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

எங்கள் தெரு அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். 1936-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பவே ஏழாந்தேதிக்குள்ள குடுக்கணும்னு இருந்துச்சா?"

"ஆமாங்கா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அந்தக் காச இப்ப கேட்டா தருவாங்களா தம்பி?" என்றார். இத்தனை வருஷம் கழித்து, கையில் ஒரு காகிதமும் இல்லாமல், எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் இருவரும் சட்ட உதவி மையத்துக்குப் போகிறோம்.